தெற்கு 36° மேற்கு: ஒரே திசையை எழுத இரு வழிகள்

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லும் இடத்தில் ஏறத்தாழ இப்படி எழுதியிருக்கும்: 'அய்யனார் கோயில் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, கண்மாய்க் கரைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இதற்குள்பட்ட நிலம்.'

சரி, உங்கள் நிலத்தில் நின்று பார்த்தால் அய்யனார் கோயில் புஞ்சை எந்தப் பக்கம்? மேற்கு என்று சட்டெனச் சொல்லிவிடுவோர் பலர். தவறு. அது கிழக்கே இருக்கிறது. கோயில் புஞ்சையிலிருந்து பார்த்தால்தான் உங்கள் நிலம் மேற்கு. பத்திரம் எழுதுவோர் அண்டை நிலத்தில் நின்றுகொண்டு நம் நிலத்தைப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டைச் சீமையின் கல்வெட்டுகளிலும் இதே முறைதான். 'கீழ்பாற்கெல்லை' என்று தொடங்கி, அங்குள்ள ஒரு பொருளைச் சொல்லி, அதற்கு 'மேற்கு' என்பார்கள். பிறகு தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை எனப் பெரும்பாலும் வலமாகச் சுற்றி வருவார்கள்.

ஆக, ஒரு திசையைச் சொல்லுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எங்கே நின்று பார்க்கிறோம்? எதிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம்? நில அளவையிலும் கடல் பயணத்திலும் ஏற்படும் திசைப் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருவதே.

முழு வட்டமும் கால் வட்டமும்

கிழக்கு, மேற்கு என்ற சொற்கள் வயலுக்குப் போதும். கண்மாய்க் கரை வளைந்து வளைந்து போனால் போதாது. அப்போது கோணம் வேண்டும்.

கோணத்தை எழுத இரு முறைகள் உள்ளன. முதலாவது, வடக்கைச் சுழியாக வைத்து, கடிகார முள் சுற்றும் பக்கமாக 360 பாகை வரை எண்ணிக்கொண்டே போவது. கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இதை முழுவட்டத் திசைக்கோணம் என்பர். வானியலாரும் நில அளவையாளரும் 'அசிமுத்' என்று சொல்வதும் இதுவே. திசைகள் எனப் பொருள்படும் அரபுச் சொல் ஒன்றின் திரிபு அது. (எல்லா நாட்டாரும் எப்போதும் வடக்கிலிருந்தே தொடங்கினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க நில அளவைத் துறையில் 1980கள் வரை தெற்கைச் சுழியாக வைத்து அசிமுத் எழுதும் வழக்கம் இருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டுவோர் இதில் ஏமாந்ததுண்டு.)

இரண்டாவது முறை கால்வட்டத் திசைக்கோணம். இதில் எந்தக் கோணமும் 90 பாகையைத் தாண்டாது. வடக்கு–தெற்குக் கோடுதான் இங்கே தாய்க்கோடு. நாம் பார்க்கும் பொருளுக்கு வடமுனை அருகிலா, தென்முனை அருகிலா என்று முதலில் பார்க்கிறோம். அந்த முனையிலிருந்து கிழக்கு அல்லது மேற்குப் பக்கமாக எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதை எழுதுகிறோம். 'தெற்கு 36° மேற்கு' என்றால், முதலில் தெற்கைப் பார்த்து நில், பிறகு மேற்குப் பக்கமாக 36 பாகை திரும்பு என்று பொருள். முன்னால் இருக்கும் எழுத்து எப்போதும் வடக்கோ தெற்கோதான். 'கிழக்கு 20° வடக்கு' என்று இந்த முறையில் எழுதுவதில்லை.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. மனப்பாடம் செய்யவேண்டாம், கையில் ஒரு குச்சியால் மண்ணில் வட்டம் போட்டால் போதும். வடகிழக்குக் கால்வட்டத்தில் இரண்டும் ஒன்றே: வடக்கு 40° கிழக்கு என்றால் 40°. தெற்குப் பாதிக்கு வந்தால் 180தான் நமக்கு அச்சாணி. தென்கிழக்கில் அந்த 180-ஐ இன்னும் எட்டவில்லை, ஆகவே கழிக்கிறோம்: தெற்கு 40° கிழக்கு என்பது 180 – 40 = 140°. தென்மேற்கில் 180-ஐத் தாண்டிவிட்டோம், ஆகவே கூட்டுகிறோம்: தெற்கு 40° மேற்கு என்பது 220°. வடமேற்கில் முழுச் சுற்று முடிய இன்னும் சிறிது இருக்கிறது: வடக்கு 40° மேற்கு என்பது 360 – 40 = 320°.

கண்மாய்க் கலுங்கில் நின்று மடையைப் பார்க்கிறீர்கள் என்க. திசைக்கோணம் 320°, அதாவது வடக்கு 40° மேற்கு. இனி மடைக்குப் போய்க் கலுங்கைத் திரும்பிப் பாருங்கள். முழுவட்ட முறையில் 180-ஐக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்: 320 – 180 = 140°. கால்வட்ட முறையிலோ கணக்கே இல்லை. எழுத்துகளை மட்டும் புரட்டினால் போதும். வடக்கு 40° மேற்கு, தெற்கு 40° கிழக்கு ஆகிவிடுகிறது. இதற்குப் பின் திசைக்கோணம் என்று பெயர். கிரயப் பத்திரம் எழுதுபவர் 'கிழக்கு' என்பதை 'மேற்கு' என்று எழுதியதும் இதுதானே!

பெட்டிக்குள் இடம் மாறிய கிழக்கு

அளவையர் திசைகாட்டியை முதன்முதலில் கையில் வாங்கும் மாணவர் அதைச் செய்தவர் தவறு செய்துவிட்டார் என்றே நினைப்பார். அதன் முகத்தில் வடக்கு மேலே இருக்கும். ஆனால் இடப்பக்கம் கிழக்கு என்றும், வலப்பக்கம் மேற்கு என்றும் பொறித்திருக்கும்.

தவறில்லை. இந்தக் கருவியில் பாகைகள் பெட்டியோடு சேர்ந்தவை. ஊசி தனியே ஆடுவது. வடக்கை நோக்கிப் பெட்டியைப் பிடித்தால் ஊசி 'வ' என்ற எழுத்தின்மேல் நிற்கும். இப்போது கிழக்குப் பக்கமாக, அதாவது வலப்பக்கம், 40 பாகை திரும்புங்கள். பெட்டியும் உங்களோடு திரும்புகிறது. ஊசி திரும்புவதில்லை, அது வடக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பெட்டியின் முகத்தில் ஊசி இடப்பக்கம் 40 பாகை தள்ளி நிற்கும். அங்கே 'கிழக்கு' என்று எழுதியிருந்தால்தான் 'வடக்கு 40° கிழக்கு' என்று சரியாகப் படிக்க முடியும். ஆகவேதான் இடமாற்றம்.

பட்டகத் திசைகாட்டியில் இன்னொரு விந்தை. அதில் பாகை வளையம் ஊசியோடு ஒட்டியிருக்கும். கண்ணருகே உள்ள பட்டகத்தின் வழியாக, நமக்குக் கிட்டேயுள்ள விளிம்பைப் படிக்கிறோம். வடக்கை நோக்கும்போது நமக்குக் கிட்டே இருப்பது ஊசியின் தென்முனை. அங்கே சுழி தெரியவேண்டும் என்பதற்காக 0° என்பதைத் தென்முனையிலேயே பொறித்துவிடுகிறார்கள். முதல் கருவி கால்வட்டத்தில் பேசுகிறது. இரண்டாவது முழுவட்டத்தில் பேசுகிறது. ஒரே குறிப்பேட்டில் இரண்டையும் கலந்து எழுதுபவருக்கு மாலையில் தலைவலி நிச்சயம்.

பின் திசைக்கோணம் இங்கே ஒரு காவல்காரன் வேலையும் பார்க்கிறது. ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் அளந்த கோணங்களின் வேறுபாடு 180 பாகையாக இல்லாவிட்டால், ஏதோ ஒரு முனையில் இரும்பு இருக்கிறது என்று பொருள். மின் கம்பமோ, முள்வேலிக் கம்பியோ, மோட்டார் பம்போ, அளவுச் சங்கிலியோ, சட்டைப் பையிலுள்ள சாவிக்கொத்தோ ஊசியை இழுத்திருக்கும். கைப்பேசியும் இந்தக் குற்றவாளிகளில் ஒன்று.

ஊரில் நில அளவர் வைத்திருக்கும் புலப்படத்தில் இந்தக் கோணங்களைத் தேடினால் கிடைக்காது. அது நீளங்களாலும் செங்குத்துக் கோடுகளாலும் ஆனது. சங்கிலி பிடிக்கத் தரை இருக்கும் வரையில் அது நல்ல முறையே. ஆனால் தரையே இல்லாத இடத்தில் எல்லை போட்டால்?

தண்ணீரில் போட்ட எல்லை

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதை வெளியூரார் மறந்துவிடுவார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் எல்லாம் பாக் நீரிணைப் பகுதியைப் பார்த்தபடி இருக்கின்றன. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் மிகுதி. இங்கிருந்து கிழக்கே போனால் சுமார் 20 கடல் மைலில் இந்திய–இலங்கைக் கடல் எல்லை வந்துவிடும். அதைத் தாண்டியதாகக் கூறி மீனவர்கள் பிடிபடும் செய்தியை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள்.

இந்த எல்லையில் கம்பமோ கல்லோ கிடையாது. 1974 ஜூன் மாதம் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆறு புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையில் தந்து, அவற்றை வரிசையாக இணைப்பதே எல்லை என்கிறது. புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே இருப்பவை இரண்டாம், மூன்றாம் புள்ளிகள். இரண்டாம் புள்ளி: வடக்கு 9° 57′.0, கிழக்கு 79° 35′.0. மூன்றாம் புள்ளி: வடக்கு 9° 40′.15, கிழக்கு 79° 22′.60. இவற்றை இணைக்கும் கோட்டின் திசை என்ன? நாமே கண்டுபிடிக்கலாம்.

அட்சரேகையில் ஒரு கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். இரண்டாம் புள்ளியிலிருந்து மூன்றுக்கு 16.85 கலை தெற்கே போகிறோம், அதாவது 16.85 கடல் மைல். தீர்க்கரேகையில் 12.40 கலை மேற்கே போகிறோம். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால் இங்கே ஒரு கலை ஒரு கடல் மைலைவிடச் சற்றுக் குறைவு. அட்சரேகையின் கொசைனால் (நம் பகுதியில் 0.985) பெருக்கினால் 12.2 கடல் மைல் கிடைக்கும். இனி 12.2-ஐ 16.85-ஆல் வகுத்து, அந்த விகிதத்தை டேன்ஜென்டாகக் கொண்ட கோணத்தைப் பார்த்தால் 36 பாகை.

அட்டவணை தந்தது வெறும் 36 என்பதைக் கவனியுங்கள். அது எந்தக் கால்வட்டம் என்று அட்டவணைக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். போனது தெற்கே, போனது மேற்கே. ஆகவே தெற்கு 36° மேற்கு. முழுவட்டத்தில் 180 + 36 = 216°. நீளம் ஏறத்தாழ 20.8 கடல் மைல்.

யாரோ ஒருவர் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டார் என்க. 180 – 36 = 144°. காகிதத்தில் சின்னப் பிழைதான். அதே 20.8 கடல் மைலை இரண்டாம் புள்ளியிலிருந்து 144° திசையில் போட்டுப் பாருங்கள். கோட்டின் முனை 79° 47′ தீர்க்கரேகைக்குப் போய்விடுகிறது. அங்கே இருப்பவை யாழ்ப்பாணத்தை ஒட்டிய அனலைதீவும் எழுவைதீவும்! ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியானதால், எல்லையின் மூன்றாம் புள்ளி 24 கடல் மைல் நகர்ந்து, அயல்நாட்டுத் தீவுகளின் வாசலில் போய் நின்றுவிட்டது.

மூன்றாம் புள்ளியிலிருந்து நான்காம் புள்ளிக்கு (வடக்கு 9° 21′.80, கிழக்கு 79° 30′.70) இதே கணக்கைச் செய்தால் தெற்கு 23½° கிழக்கு என வரும், முழுவட்டத்தில் 156½°. இந்தத் துண்டும், இதை அடுத்த துண்டும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கச்சத்தீவு. எல்லைக்கோடு அதன் மேற்குக் கரைக்கு ஏறத்தாழ ஒரு மைல் தள்ளிப் போகிறது. இரண்டு துண்டுகளின் முழுவட்டக் கோணங்களைக் கழித்தால், 216 – 156½ = 59½ பாகை. மூன்றாம் புள்ளியில் எல்லை அவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது. வரைந்து பார்த்தால், எல்லை அந்த இடத்தில் நம் கரைப்பக்கம் மூக்குப்போல் நீண்டிருப்பது தெரியும்.

இந்த மூக்குதான் கவனிக்கத்தக்கது. எல்லை ஏதோ வடக்கு–தெற்காக நேரே கிடக்கிறது என்று மனத்தில் படம் வைத்திருப்பவர், 'கிழக்கே போகாதவரை கவலையில்லை' என்று எண்ணுவார். இரண்டாம் புள்ளிக்கு நேர் மேற்கே 7 கடல் மைல் தள்ளி, நம் பக்கத்தில் ஒரு படகு நிற்கிறது என்க. அது கிழக்கே ஒரு முழம்கூடப் போகாமல் நேர் தெற்கே ஓடட்டும். பத்துக் கடல் மைல் முடிவதற்குள் அது எல்லையைத் தாண்டியிருக்கும். எல்லையே சாய்ந்து வந்து குறுக்கே நிற்கிறது! வலை விரித்து இரவு முழுதும் நீரோட்டத்தோடு தெற்கே நகரும் படகுக்கு இது ஏட்டுக் கணக்கு அன்று.

எந்த வடக்கு?

இதுவரை நாம் கணக்கிட்டவை எல்லாம் மெய் வடக்கிலிருந்து. படகிலுள்ள திசைகாட்டிக்கு மெய் வடக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது காந்த வடக்கு. இரண்டுக்கும் இடையேயுள்ள கோணம் காந்த ஒதுக்கம். தமிழ்நாட்டில் இன்று அது சிறியது. ஒன்றிரண்டு பாகை அளவில், மேற்குப் பக்கமாக. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறவும் செய்கிறது. அதனால்தான் கடல் வரைபடங்களில் ஒதுக்கத்தோடு ஆண்டையும் அச்சிடுகிறார்கள்.

மேற்கு ஒதுக்கம் 2 பாகை என்க. ஊசி மெய் வடக்குக்கு இரண்டு பாகை இடப்பக்கம் நிற்கிறது. அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் எந்தத் திசைக்கும் இரண்டு பாகை கூடுதலாகவே வரும். மெய்த்திசை 216° என்றால் காந்தத் திசைகாட்டியில் 218°. மறுபுறம், ஊசி 216° காட்டினால் மெய்த்திசை 214°. இந்தத் திருத்தத்தை முழுவட்ட முறையில் செய்வதே நல்லது. கால்வட்டத்தில் செய்தால் வடகிழக்கிலும் தென்மேற்கிலும் கூட்ட வேண்டும். மற்ற இரண்டிலும் கழிக்க வேண்டும். தடுமாறாதவர் குறைவு.

இரண்டு பாகை என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 20 கடல் மைல் ஓட்டத்தில் அது 0.7 கடல் மைல் விலகல். ஏறத்தாழ 1,300 மீட்டர். படகின் இயந்திரமும் இரும்புத் தகடுகளும் ஊசியை இழுப்பது தனி. அது இதைவிடப் பெரிதாகவும் இருக்கக்கூடும்.

இன்று படகுகளில் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. அது திசையை முழுவட்டத்தில், 0 முதல் 360 வரை காட்டுகிறது. ஆனால் மெய் வடக்கா, காந்த வடக்கா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு அதற்குள் இருக்கிறது. கருவி மெய் வடக்கில் பேச, பக்கத்திலுள்ள திசைகாட்டி காந்த வடக்கில் பேசினால் இரண்டும் ஒத்துப்போகா. எது கெட்டுவிட்டது என்று சண்டை போடுமுன் இருவரும் ஒரே வடக்கைத்தான் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பல கைப்பேசித் திசைகாட்டிகளிலும் இதே தேர்வு உண்டு.

உங்கள் ஊரின் காந்த ஒதுக்கத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். வெட்டவெளியில் தரையைச் சமமாக்கி ஒரு குச்சியை நேர்க்குத்தாக நடுங்கள். தூக்குக்குண்டு பிடித்துச் சரிபாருங்கள். காலை ஒன்பது மணியளவில் நிழல் எவ்வளவு நீளமோ அந்த நீளத்தை ஆரமாகக் கொண்டு குச்சியைச் சுற்றி வட்டம் வரையுங்கள். நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளை அடியுங்கள். பிற்பகலில், மூன்று மணியை ஒட்டி, நிழல் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும். அங்கே மற்றொரு முளை. இரண்டு முளைகளையும் இணைக்கும் கயிறு கிழக்கு–மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் குச்சியின் வழியே போகும் கோடு மெய் வடக்கு–தெற்கு. கோயில் கட்டிய சிற்பிகள் திசை கண்டது இந்தச் சங்கு முறையால்தான். நடுப்பகல் நிழலை நம்பி வடக்கைத் தீர்மானிக்க வேண்டாம். புதுக்கோட்டையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவேளையில் நிழல் காலடியிலேயே மறைந்துவிடும். இடைப்பட்ட மாதங்களிலோ அது தெற்கே விழும்.

இனி அந்தக் கோட்டின்மேல் திசைகாட்டியை வையுங்கள். சாவி, கைப்பேசி, மண்வெட்டி எல்லாம் பத்தடி தள்ளி இருக்கட்டும். ஊசிக்கும் கோட்டுக்கும் இடையே எத்தனை பாகை, எந்தப் பக்கம் என்று குறித்து, பக்கத்தில் தேதியையும் எழுதிவையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் அளக்க அது உதவும்.